அம்மாயியின் முட்டி ஊசி

ஜூன் 9, திங்கள்

அம்மாயியை ஈரோட்டில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடது முட்டியில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் சவ்வு நிறையத் தேய்ந்திருக்கிறது. "ஆபரேசன் மட்டும் வேண்டாஞ் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. சரி, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

முதலில் கோத்திருந்த நீரை உறிஞ்சினார். சிரிஞ்சில் நல்லெண்ணெய் நிறத்தில் ஏறியது. ஊசியை அப்படியே வைத்து, சிரிஞ்சை மட்டும் மாற்றி, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து 40 மில்லிகிராமை மரப்பு மருந்தோடு உள்ளே விட்டார். அம்மாயி என் மணிக்கட்டை விடவே இல்லை.

ஜூன் 11

வெறும் வயிற்றில் சர்க்கரை 248. வழக்கமாக 140-ஐத் தாண்டாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காய்ச்சலோ, முட்டி சிவந்து வீங்குவதோ இருந்தால் உடனே வரச் சொன்னார். தொற்று அபூர்வம்தான், வந்தால் மூட்டையே கெடுத்துவிடும். ராத்திரி இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

ஜூன் 15

கோயமுத்தூரிலிருந்து மாமா போன். சொந்த ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்துப் போடுகிற பிஆர்பி ஊசியில் சவ்வு வளருமாம். அம்மாயி கறவை மாட்டை விற்கக்கூடத் தயார்! எனக்கு வயிறு எரிந்தது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்த சோதனை 2021-இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிஆர்பி போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கும் வலியிலும் சவ்விலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. மூட்டு வழுக்கி அசையப் போடுகிற ஹயலுரானிக் ஜெல் ஊசியும் எல்லோருக்கும் போட வேண்டியதில்லை என்றுதான் அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமே சொல்கிறது. மாடு தொழுவத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 24

வலி நன்றாகக் குறைந்துவிட்டது. அதுதான் இப்போது கவலை. காலையில் பார்த்தால் மஞ்சக்காட்டில் குத்தவைத்துக் களை பிடுங்குகிறது! "முட்டி சரியாப் போச்சு கண்ணு" என்கிறது. சரியாகவில்லை, அம்மாயி. வீக்கம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சில வாரம், மிஞ்சினால் மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் இதே ஊசி போட்டவர்களுக்குச் சவ்வு கூடுதலாகத் தேய்ந்ததையும், வலி உப்புநீர் போட்டவர்களைவிடக் குறையாததையும் 2017-இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

வலி இல்லாத இந்த நாட்களில்தான் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும். கட்டிலில் படுத்துக் காலை மடக்காமல் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குகிற பயிற்சியைக் காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்கிறேன். முனகிக்கொண்டே செய்கிறது.

வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கக் கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.