கடைத்தெருவுக்கு மேலே ஒரு பூந்தோட்டம்: ருஸ்தம் பாஷா பள்ளிவாசல்

மக்கா, மதீனா, ஜெருசலேம் என்ற மூன்று ஊர்களின் பள்ளிகளைத் தவிர வேறெந்தப் பள்ளிக்கும் நேர்ச்சை வைத்துக் கிளம்புவதில்லை நாம். ஆனால் உம்ராப் பயணம் இஸ்தான்புல் வழியாக அமைந்து, கையில் அரை நாளும் மிஞ்சினால், எமினோனுவில் இறங்கி ருஸ்தம் பாஷா பள்ளியில் ஒரு லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுதுவிடுங்கள்.

ஓட்டலிலேயே ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஹஸிர்ஜிலர் கடைத்தெருவில் ஆணும் பெண்ணும் இடித்துக்கொண்டுதான் நகர முடியும். ஷாஃபி சட்டப்பிரிவில் அந்நிய ஆண், பெண் மேனி பட்டாலே ஒளு முறியும் என்பதால், ஷாஃபிக்காரர்களுக்குப் பாதி வழியிலேயே ஒளு போய்விடும். (ஹனஃபி சட்டப்பிரிவினருக்கு அந்தக் கவலை இல்லை.) ஒளு எடுக்கும் இடம் தெருமட்டத்தில் இருக்கிறது, முடித்துவிட்டு மேலே ஏறுங்கள். "பள்ளி பூட்டியிருக்கு, நம்ம கடைக்கு வாங்க" என்று வழிமறிப்பவர்களுக்கு ஒரு சலாம் போதும்.

வாசல் கண்ணில் படாமல் போவதுதான் இங்கே பலருக்கும் நடப்பது. பள்ளி தரையில் இல்லை. வளைவுக் கூரை போட்ட கடைகளின் முதுகில் நிற்கிறது. கடைகளுக்கு இடையே குறுகலான படிக்கட்டு ஏறும், அதைத் தவறவிட்டால் பருப்பும் மசாலாவும் விற்கிற சந்திலேயே சுற்ற வேண்டியதுதான். கீழே வரும் வாடகை பள்ளியின் வக்ஃபுக்கு (அறக்கொடைக்கு), மேலே தொழுகை. உஸ்மானியக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் போட்ட கணக்கு அது. படியேறி முடித்ததும் இரைச்சல் அடங்கி, இரட்டைத் தாழ்வாரம் விரிகிறது: உள்ளே ஐந்து சிறு குவிமாடங்கள், வெளியே சரிந்த கூரை.

உள்ளே 15.2 மீட்டர் அகலக் குவிமாடம் எட்டு வளைவுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றாது, சுவர் விடாது. தூண், மிஹ்ராப் (தொழும் திசை காட்டும் சுவர்மாடம்), மாடம் என்று எங்கும் துருக்கியின் இஸ்னிக் ஊர் டைல்ஸ். சுமார் 80 வகைப் பூவேலை. மிஹ்ராபுக்கு முன்னால் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி உட்கார்ந்து, ஒரே ஒரு டைலைச் சாய்வாகப் பாருங்கள். நீலம் வழவழவென்று தட்டையாக இருக்கும். சிவப்பு மட்டும் மெல்லிய மேடாக எழும்பி நிற்கும். இரும்புச்சத்துள்ள அந்தச் செம்மண்ணைக் கெட்டியாக அப்பினால்தான் சூளையில் நிறம் நிற்கும். மெல்லப் பூசினால் பழுப்பாகிவிடும். பிற்காலத்தில் அந்தக் கைப்பக்குவமே தொலைந்தது. தாழ்வாரத்துச் சுவரில் பின்னாளில் ஒட்டுப்போட்ட டைல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தொட வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

அந்தச் சிவப்பில் அதிகம் பூத்திருப்பது துலிப். துருக்கியில் அதற்கு லாலே என்று பெயர். அரபு எழுத்தில் எழுதினால் லாம், அலிஃப், லாம், ஹா. அல்லாஹ் என்ற பெயரிலும் இதே எழுத்துகள்தான். எழுத்துக்கு ஓர் எண் கொடுத்துக் கூட்டும் அப்ஜத் கணக்கில் இரண்டும் 66. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சுவரை மறுபடி பார்க்கும்போது, பூ பூவாக இல்லை. சுவர் முழுக்க திக்ரு, இறைவனின் நினைவு. அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு வராது.

ஜமாஅத்தில் ஆமீனை உரக்கச் சொல்லிவிடாதீர்கள், அங்கே ஹனஃபி முறைப்படி எல்லோரும் மனதுக்குள்தான். தொழுகை நேரத்தில் சுற்றுலாக்காரர்களை விடமாட்டார்கள். கேமராக்கள் இல்லாத பள்ளியைப் பார்க்கும் பாக்கியம் தொழ வருகிறவருக்கு மட்டும்தான்.

ஜியாரத் செய்ய (போய்ப் பார்த்து துஆ செய்ய) இங்கே கப்ரு, அதாவது அடக்கத்தலம், கிடையாது. சுலைமான் சுல்தானின் மருமகன், வஜீராக இருந்து பெரும் செல்வம் சேர்த்த ருஸ்தம் பாஷா, 1561 ஜூலையில், பள்ளி எழுந்து நிற்பதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். இந்தச் சுவர்களின் நடுவே அவருக்கு ஒரு ஸஜ்தாவும் வாய்க்கவில்லை. மேட்டில் ஷெஹ்ஸாதே பள்ளி வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். கால் ஒத்துழைத்தால் அங்கேயும் போய் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள்.