முக்காலி வந்துவிட்டது, உட்காரத்தான் முடியவில்லை

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே அங்குள்ள அதிகார வரிசை தெரிந்துவிடும். கல்லாவில் இருப்பவருக்கு மெத்தை வைத்த நாற்காலி. வாங்க வந்தவருக்கு ஸ்டூல்; பட்டுப் பிரிவென்றால் வெள்ளை விரித்த மெத்தை. ரேக்கிலிருந்து சேலையை எடுத்து, பிரித்து, தோளில் போட்டுக் காட்டி, மறுபடி மடித்து அடுக்குகிற பெண் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்கிறார். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் இன்னும் நீளும்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. அங்கே சட்டத்துக்கு முன்னால் தெரு இருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு, தையல் வேலை செய்துவந்த விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, பிறகு 'இரிக்கல் சமரம்' என்று உட்காரும் உரிமைக்கும் போராடியது. இங்கிலாந்து 1899-லேயே மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று கணக்குப் போட்டுச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில், நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. அந்தச் சட்டம் கடைக்குப் பொருந்தவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இருந்த உரிமை தமிழ்நாட்டுக் கடைப்பெண்ணுக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆயின.

சட்டம் வந்தபின் பல கடைகளில் பிளாஸ்டிக் முக்காலிகள் வந்தன. அவை கவுன்டருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி கிடக்கின்றன. ஏன் என்பதுதான் விஷயம்.

முதலில் உயரக் கணக்கு. சாதாரண முக்காலி சுமார் 45 சென்டிமீட்டர் உயரம். கவுன்டர் 90 முதல் 100 சென்டிமீட்டர் வரை. அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். வாடிக்கையாளர் உள்ளே வருவது சரியாகத் தெரியாது, சட்டென்று எழவும் கஷ்டம். 'கவுன்டர் காலியாக இருக்கிறதே' என்று ஃப்ளோர் சூப்பர்வைசர் சொல்வதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. அந்த உயரக் கவுன்டருக்கு 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில், கால் வைக்கக் குறுக்குக் கம்பியோடு, பார்வைக்கு நிற்பது போலவே தோன்றும் உயர ஸ்டூல்தான் சரி. கம்பி இல்லாவிட்டால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், கால் மணி நேரத்தில் மரத்துப்போகும். வாங்கிப் போட்ட ஸ்டூலை ஊழியர்களே வேண்டாம் என்பதற்கு இப்படி எளிய காரணமும் இருக்கும்.

இரண்டாவது, முறை. இது ஸ்டூலைவிடப் பெரிய சிக்கல். இன்சென்டிவ், அதாவது விற்பனைக்கான ஊக்கத்தொகை, யார் பில் போடுகிறாரோ அவருக்கு. படியேறி வரும் வாடிக்கையாளரை முதலில் 'வாங்கக்கா' என்று கூப்பிட்டவருக்கே அந்த பில். உட்கார்ந்திருப்பவர் எழுவதற்குள் பக்கத்தில் நிற்பவர் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே யாரும் தடுக்காவிட்டாலும் யாரும் உட்கார மாட்டார்கள். 'நாங்கள் உட்காரச் சொல்கிறோம், அவர்கள்தான் உட்காருவதில்லை' என்று நிர்வாகம் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி நிர்வாகம் வகுத்த இன்சென்டிவ் கணக்கில் இருக்கிறது. இதற்கு மருந்து முறைப்பட்டியல். பிரிவில் ஆறு பேர் என்றால் வரிசை எண் போட்டு, அடுத்த வாடிக்கையாளர் வரிசையில் உள்ளவருக்கே என்று வைத்துவிட்டால், தன் முறை வரும்வரை ஒருவர் நிம்மதியாக உட்காரலாம். அல்லது இன்சென்டிவில் ஒரு பங்கைப் பிரிவு முழுமைக்கும் பொதுவாக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

மூன்றாவது, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையையும் நிற்கவைத்தே வாங்குவது. சேலைப் பிரிவில் விற்பதைவிட மடிப்பதற்கே அதிக நேரம் போகும். மடிப்பு, விலைச்சீட்டு ஒட்டுவது, ஸ்டாக் எண்ணுவது எல்லாம் உட்கார்ந்து செய்யலாம். பழைய ஜவுளிக்கடைகளில் விற்பவரும் மெத்தையில் சம்மணம் போட்டுத்தான் சேலை விரித்தார். பட்டுப் பிரிவுகள் சிலவற்றில் இன்றும் அப்படித்தான். கவுன்டரும் கண்ணாடியும் கேமராவும் உள்ள ஷோரூம் வந்தபின் நிற்பது சுறுசுறுப்பின் அடையாளமாகிவிட்டது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஆளில்லாத மாடியில் பத்துப் பேர் வரிசையாக நிற்பதால் ஒரு கைக்குட்டைகூடக் கூடுதலாக விற்காது. அந்த நிற்றல் யாருக்காக என்றால், கேமராவின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவருக்காக. பண்ணையார் வீட்டு முற்றத்தில் கைகட்டி நின்ற பழக்கத்துக்கு ஏசி போட்டிருக்கிறோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

உடம்பு இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ரத்த அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுவதால் அது 30-க்கும் கீழே இறங்கும். அதனால்தான் பத்து மணி நேரம் நடமாடுகிற ஹோட்டல் சர்வரின் காலைவிட, ஒரே இடத்தில் நிற்கிற கவுன்டர் பெண்ணின் கால் சீக்கிரம் வீங்குகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் பழுதாகும். மாலையில் செருப்பு வார் பதிந்த தடம் முதல் அறிகுறி. அடுத்து நீலமாகப் புடைத்துச் சுருளும் சிரை. அப்புறம் உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கும். அந்தக் கறுப்பு நிறத்தைத் தோல் வியாதி என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சொறிந்து புண்ணானால் மாதக்கணக்கில் ஆறாது. தோல் கறுக்கும் கட்டத்திலேயே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போய் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகால் குத்தினால் அது வேறு: பாதத்தின் அடிச்சவ்வு வீக்கம். கிரானைட் தரையில் மெல்லிய ரப்பர் செருப்போடு, பட்டுப் பிரிவில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு வருவது.

நின்றே ஆகவேண்டியவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அரை மணிக்கொரு தடவை குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குவது கெண்டைத் தசையை வேலை செய்ய வைக்கும். கவுன்டருக்குப் பின்னால் நின்றபடி யாருக்கும் தெரியாமல் செய்யலாம். 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகை ஒன்றைக் கீழே போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதில் வைத்தால் இடுப்பு வலி குறையும். இரவு படுத்ததும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் மணி நேரம் தூக்கி வைக்கலாம். அழுத்தக் காலுறை வாங்குவதென்றால் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவைக் காலையில், வீக்கம் இல்லாதபோது அளக்க வேண்டும். படுக்கையை விட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும். மாலையில் வீங்கிய காலில் மாட்டினால் பயன் குறைவு, மேல்விளிம்பு இறுக்கும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பழக்கம் உள்ளவர்களும் காலின் தமனி ஓட்டத்தைச் சோதிக்காமல் போடக் கூடாது. ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். அந்தச் செலவு ஊழியர் தலையில்தான் விழுகிறது. நிற்கவைத்தவர் தலையில் அல்ல. சுருண்ட சிரைக்கு லேசர் சிகிச்சை முடித்தவரும் திரும்பி அதே தரையில்தான் நிற்கப்போகிறார்.

கழிப்பறைக்கு வருவோம். ஏழு மாடிக் கட்டடத்தில் ஊழியர் கழிப்பறை மொட்டை மாடியிலோ தரைக்கீழ்த் தளத்திலோ இருக்கும், லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். ஏறி இறங்கவே நேரம் பிடிக்கும். திரும்பியதும் 'எங்கே போனாய்' என்ற கேள்வி. ஆகவே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்க் கடுப்பு, கல்லடைப்பு, ஏசியில் தெரியாமல் போகும் நீர்வறட்சி எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன. ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்தால் உடனே போகவேண்டி வரும். மணிக்கு 150, 200 மில்லி என்று பிரித்துக் குடித்தால் சமாளிக்கலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்த நிறம் என்றால் போதவில்லை. நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றப் போக ஆள் மாற்றிவிடுவது யார் என்பதுதான் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, கேட்காமலே, பிரிவுக்கு ஒருவர் என்று பத்து நிமிடம் விடுவிக்கும் ஏற்பாடு ஒன்றே போதும். ஆண் சூப்பர்வைசரிடம் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கும் நிலை இல்லாமல் போகும்.

நேரத்துக்கும் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மிகைநேரம் சேர்த்தும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது; மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். பந்தி முறையில் அள்ளிப்போட்டுக்கொண்டு அரை மணியில் ஓடிவருவது அந்த ஓய்வு ஆகாது. கர்ப்பிணிகளுக்கு 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் தனியே தந்த பாதுகாப்பு, 2025-இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது: பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் அதற்கு முன்னே ஒரு மாதத்துக்கும், அவர் கேட்டால், நெடுநேரம் நிற்கும் வேலை தரக் கூடாது. கேட்டால் என்பது முக்கியம். எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவரிடமிருந்து 0.75 சதவீதம், முதலாளி தரப்பில் 3.25 சதவீதம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால், மருத்துவர் சான்றோடு எடுக்கும் விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரையிலானதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு மட்டும் சேர்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த 78-ஐ எட்டுவதில்லை.

ஆனால் இத்தனை உரிமையையும் கேட்கத் தடையாக இருப்பது அறியாமை என்று நான் நினைக்கவில்லை. தி.நகர் போன்ற இடங்களில் வேலை செய்யும் பெண்களில் பலர் தென்மாவட்டத்துக்காரர்கள். தங்குவது கடையின் ஹாஸ்டலில், சாப்பிடுவது கடையின் மெஸ்ஸில். வேலை போனால் அன்றிரவு படுக்க இடமும் போகும். ஊரில் அக்காவோ சித்தி மகளோ சேர்த்துவிட்ட வேலை. ஒருவர் புகார் சொன்னால் சேர்த்துவிட்டவருக்கும் தலைவலி. சம்பளமும் படுக்கையும் ஒரே கையில் இருக்கும்வரை முக்காலியில் உட்காருவதற்கே துணிச்சல் தேவைப்படும்.

ஆகவே புகாரைத் தனி ஆளாகக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. தொழிற்சங்கமோ வெளியிலுள்ள ஒருவரோ ஊழியர்கள் சார்பில் மனு தரலாம். முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் பதியலாம். மனுவில் 'இருக்கை வசதி இல்லை' என்று பொதுவாக எழுதினால், ஆய்வு நாளன்று கவுன்டருக்கு அடியில் கிடக்கும் முக்காலிகளைக் காட்டி முடித்துவிடுவார்கள். எந்த மாடி, எந்தப் பிரிவு, எத்தனை பேர், எத்தனை இருக்கை, அதன் உயரம் என்ன, எந்த நேரத்தில் உட்கார விடுவதில்லை, கழிப்பறை எத்தனையாவது மாடியில் என்று எழுத வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல், முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கும்படியும் அதிலேயே கேட்கலாம்.