கரும்புக்காட்டில் ஆபத்தைச் சொல்ல வைப்பது எப்படி?

டிரெய்லரைக் கோக்கும் பின்னில் கிளிப் இல்லை. ஓட்டுநருக்கு அது தெரியும். துண்டுக் கம்பி ஒன்றை வளைத்துச் சொருகியிருக்கிறார். பாரம் ஏற்றுகிறவர்களுக்கும் தெரியும். ஒருநாள் ஏற்றத்தில் கம்பி நெளிகிறது, அந்தப் பின்னும் துள்ளி விழுகிறது, நிறைபாரத்தோடு டிரெய்லர் பின்னோக்கி ஓடுகிறது. பிறகு விசாரித்தால் எல்லாருக்கும் முன்பே தெரிந்த சங்கதியாக இருக்கும், தோட்டக்காரரைத் தவிர. அந்தக் கிளிப்பின் விலை சில ரேண்டுதான்.

தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் வடகரையில் டொங்காட், ஸ்டாங்கர் பக்கமும் தென்கரையில் உம்சிந்தோ பக்கமும் இன்னும் கரும்பு, காய்கறி போடுகிற நம்மவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பத்து ஆள், இருபது ஆள் வைத்து வேலை வாங்குகிற சிறு தோட்டங்களில் பாதுகாப்பு அதிகாரி என்று தனியாக ஒருவர் இருக்கமாட்டார். வெட்டுகிறவர்களும் மருந்தடிக்கிறவர்களும் பெரும்பாலும் சூலு அல்லது கோசா பேசுகிறவர்கள். அவர்கள் கண்ணில் பட்ட ஆபத்து உங்கள் காதுக்கு வந்து சேர ஒரு வழி வேண்டும். அந்த வழி அடைபடும் இடங்கள் எவை என்று பார்ப்போம்.

முதல் அடைப்பு கூலிக் கணக்கு. வெட்டின அளவுக்குக் கூலி என்றால், சாலின் நடுவில் கத்தியை வைத்துவிட்டு இந்துனாவை, அதாவது கூட்டத்து மேஸ்திரியை, தேடிப்போய்ச் சொல்வது அந்த ஆளுக்கு நட்டம். அரை மணி நேரம் போனால் அரை மணி வெட்டு போச்சு. இதற்கு ஒரே மருந்துதான் உண்டு: ஆபத்தைச் சொல்லப் போன நேரத்துக்கு மணிக்கூலி கணக்கிட்டுக் கொடுங்கள். அதை வேலை தொடங்கும் முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். தொழிலாளர்களில் ஒருவராக இருந்து பாதுகாப்பைக் கவனிக்கும் பிரதிநிதிகளுக்குச் சட்டம் இதை ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழிற்பாதுகாப்புச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிரதிநிதி நியமிக்க வேண்டும். தோட்டத்தில் 50 பேருக்கு ஒருவர் வீதம். அவர் அந்தப் பணிக்குச் செலவிடும் நேரம் வேலை நேரமாகவே கணக்காகும். 20 பேரோ அதற்குக் குறைவாகவோ உள்ள தோட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் வெட்டுக் கூட்டத்தில் ஒருவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்பேன். இந்துனாவே பிரதிநிதியாக இருக்கக் கூடாது. அன்றைக்கு எத்தனை டன் வெட்டினார்கள் என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியவர். வேலையை நிறுத்தச் சொல்லும் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைத்தால் இரண்டில் ஒன்று தோற்கும், தோற்பது டன்னாக இருக்காது.

இரண்டாவது அடைப்பு பயம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாத நிலைமையைக் கண்டால் முதலாளியிடமோ பிரதிநிதியிடமோ கூடிய விரைவில் தெரிவிப்பது தொழிலாளியின் கடமை என்கிறது. விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தால், முடியாத சூழ்நிலை தவிர, அந்த ஷிப்ட் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். 26ஆம் பிரிவு, சட்டப்படி தகவல் கொடுத்ததற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதையும் கூலியைக் குறைப்பதையும் தடுக்கிறது. 23ஆம் பிரிவின்படி, முதலாளி சட்டப்படி தரவேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குக் கூலியில் பிடித்தம் செய்யக் கூடாது. பூட்ஸ், கையுறைக் காசைச் சம்பளத்தில் கழிக்கிற தோட்டத்தில் கையுறை கிழிந்துவிட்டது என்று யார் வந்து சொல்வார்? கிழிந்ததையே மாட்டிக்கொண்டு வெட்டுவார்கள்.

இந்தப் பயத்தின் பழைய வேர் நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் இறங்கியவர்கள் இதே கரும்புக்காட்டுக்குத்தான் போனார்கள். பின்னாளில் அவர்கள் முறையிட ‘பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரி இருந்தார். ஆனால் எஸ்டேட்டை விட்டு வெளியே போக முதலாளி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி, கூட்டமாக வேலையைவிட்டு முறையிடப் போனால், முறையீடு நியாயமானதாக இருந்தாலும் தண்டனை உண்டு. முறையிடும் வழி காகிதத்தில் இருந்தது, நடந்துபோகும் பாதை அடைத்திருந்தது. நம் முன்னோருக்கு நடந்ததை அறிந்த நாம், நம் காட்டில் கத்தி பிடிக்கிறவர்களுக்கு அந்தப் பாதையைத் திறந்துவைக்க வேண்டியவர்கள்.

மூன்றாவது அடைப்பு எல்லாவற்றிலும் பெரியது: சொன்னதற்குப் பதிலே வராதது. இரண்டு முறை சொல்லி ஒன்றும் நடக்கவில்லையென்றால் மூன்றாம் முறை யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே பதிலை முதலில் தயார் செய்யுங்கள், புகார்ப் பெட்டி பிறகு வரட்டும். வயலோரத்தில் நிற்கிற வண்டியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கட்டும். அதில் டிரெய்லர் பின் கிளிப்புகள், முதுகுத் தெளிப்பானின் மூடி ரப்பர், குழாய் வாஷர், மாற்று நாசில், கத்திப் பிடி, கைக்காப்பு போட்ட அரம், இரண்டு மூன்று அளவில் கையுறை இருக்க வேண்டும். தோட்டத்தில் வரும் புகார்களில் நிறையவற்றுக்கு நின்ற இடத்திலேயே இந்தப் பெட்டியிலிருந்து பதில் கொடுத்துவிடலாம். பெட்டியால் தீராதவற்றுக்கு ஒரு கெடு வையுங்கள். மறுநாள் காலை என்று வைத்தால் போதும். ‘சனிக்கிழமை ஆள் வருகிறார், அதுவரை அந்த டிராக்டரைத் தொடவேண்டாம்’ என்பதும் நல்ல பதிலே.

கேட்கும் நேரம் காலையில், முதல் வெட்டுக்கு முன்னால், சாலின் தலைமாட்டில் ஐந்து நிமிடம். ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். ‘நேற்று எது கொஞ்சத்தில் தப்பியது?’ என்று கேளுங்கள். வாயால் சொன்னதைப் பிரதிநிதி கார்பன் வைத்த நோட்டில் எழுதட்டும்: தேதி, இடம், கண்டது என்ன, செய்தது என்ன, யார் பொறுப்பு. சொன்னவர் பெயர் வேண்டியதில்லை. எழுத வராதவர் வாட்ஸாப்பில் சூலுவிலேயே குரல் பதிவு அனுப்பட்டும், போட்டோ எடுத்து அனுப்பட்டும். இடத்தைக் குறிக்க மூன்று மீட்டர் கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிடுங்கள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்பதால் குட்டைக் கம்பு கண்ணில் படாது. வளை தோண்டிய குழி, மின்கம்பத்தின் இழுகம்பி, தேன்கூடு, பாம்பு கண்ட இடம் எல்லாவற்றுக்கும் இதே கம்புதான்.

கத்திக் காயம் வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடக்கையிலும் இடது முன்னங்காலிலும் படும். மழுங்கிய கத்தி கணுவில் வழுக்குகிறது, அதனால் ஓங்குகிற வேகம் கூடுகிறது, அதனால் காயமும் ஆழமாகிறது. ‘கத்தி மழுங்கிவிட்டது’ என்பதும் ஆபத்து அறிவிப்புத்தான் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வெட்டுகிறவர்களுக்கிடையே கத்தி நீட்டிய கையின் எட்டைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும்.

டிராக்டரில் கவனிக்க வேண்டியது பி.டி.ஓ. தண்டின், அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கோத்த கருவிக்குக் கொண்டுபோகும் தண்டின், மூடி. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுக்க நேரம் இருக்காது. மூடி உடைந்தது என்று சொல் வந்த நொடியே சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

மருந்தடிப்பு விஷயத்தில் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. லேபிளின் அடியில் உள்ள பட்டையை எல்லாருக்கும் காட்டுங்கள்: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. விஷம் மூக்கு வழியாகத்தான் ஏறும் என்று நினைத்து மாஸ்க்கோடு நின்றுவிடுகிறார்கள். வயலில் பெரும்பங்கு ஏறுவது தோல் வழியாக. மூடி ரப்பர் தேய்ந்த தெளிப்பான் முதுகில் ஒழுகும், இடுப்புத் துணியில் ஊறும், வேலை முடியும்வரை தோலோடு ஒட்டியே இருக்கும். தினமும் மருந்து கலக்குமுன் வெறும் தண்ணீர் ஊற்றிப் பம்ப் அடித்து, மூடி, குழாய், கைப்பிடி மூன்றையும் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று அந்தத் தெளிப்பான் வயலில் இறங்கக் கூடாது. நாசில் அடைத்தால் வாயால் ஊதுவது உயிருக்கு உலை வைப்பது. புல் ஈர்க்கு போதும். மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததைக் கண்டால் அதுவும் உடனே சொல்ல வேண்டிய சங்கதி.

கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குவது, எச்சில் வடிவது, வேர்த்துக் கொட்டுவது, தசை துடிப்பது எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து ஏறியதன் அடையாளம். துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777, ஆம்புலன்ஸ் 10177. இவை இரண்டையும் தெளிப்பானின் முதுகிலேயே பெயின்ட்டால் எழுதிவையுங்கள். பூச்சிமருந்து நஞ்சேறுதல் இந்த நாட்டில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். மருத்துவர் அறிவித்தாரா என்று கேளுங்கள். அது ஏட்டில் ஏறினால்தான் எந்த மருந்து எங்கே ஆளைச் சாய்க்கிறது என்று அரசுக்குத் தெரியவரும்.

நடந்துவிட்டால் என்ன செய்வது? அந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, சாவு, மயக்கம், உறுப்பிழப்பு, நிரந்தர ஊனம் வரக்கூடிய காயம், 14 நாளாவது வேலைக்கு வரமுடியாத காயம் எல்லாம் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டியவை. பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான்: ஆட்களுக்கு ஆபத்து நேரும்படி இயந்திரம் கட்டுப்பாடிழந்து ஓடினாலோ, இயந்திரத்தின் பாகம் உடைந்து பறந்தாலோ, ஆபத்தான பொருள் கொட்டினாலோ, ஒருவருக்கும் கீறல் இல்லாவிட்டாலும் அறிவிக்க வேண்டும். அந்தக் கழன்ற டிரெய்லரும் இதில் அடங்கும். சாவோ உறுப்பிழப்போ நேர்ந்த இடத்தை ஆய்வாளர் அனுமதியில்லாமல் கலைக்கக் கூடாது. காயம்பட்டவரை மீட்பதற்குத் தடையில்லை.

நடந்ததை ஏட்டில் பதிந்து, விசாரணையை 7 நாளுக்குள் தொடங்க வேண்டும். ஏட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இழப்பீட்டு நிதிக்கு முதலாளியின் அறிக்கை, தகவல் வந்த 7 நாளுக்குள் போக வேண்டும். வெட்டுப் பருவத்துக்கு மட்டும் வந்த ஆளுக்கும் நாள்கூலிக்கும் அந்த இழப்பீடு உண்டு. வேலை செய்ய முடியாத காலத்துக்குக் கூலியில் 75 சதவீதம். முதல் மூன்று மாதம் முதலாளி கொடுத்துவிட்டு நிதியிலிருந்து திரும்பப் பெறலாம். இதைத் தெரியாத முதலாளிதான் ‘வீட்டில் விழுந்தேன் என்று சொல்’ என்று காயம்பட்டவரிடம் கெஞ்சுகிறார். அந்தப் பொய்யால் அந்தக் குடும்பத்துக்குக் கூலியும் போகிறது, வைத்தியச் செலவும் போகிறது.

வெட்டுக்குக் கான்ட்ராக்டரை அமர்த்துகிறவர்கள், அவருடைய ஆட்களையும் காலை ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுத்தில் ஒப்பந்தமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் அவர் தவறும் உங்கள் தலையில் விழலாம்.

ஒப்பந்த ஆட்கள் விஷயத்தில், அவர்களுடைய ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே விசாரணையை முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டிசம்பரில் ஆட்கள் ஊருக்குப் பஸ் ஏறுமுன் நோட்டை அவர்கள் முன்னாலேயே வாசித்துவிடுங்கள். தீராதவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, யார் செய்வது என்று குறியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் ஓய்வு கிடைக்கிற மாதங்கள். மூடி, பிரேக், பின் வேலையெல்லாம் அப்போதே முடிய வேண்டும். ஏப்ரலில் முதல் வெட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, எது முடிந்தது, எது நிலுவை என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கையில் கொடுங்கள்.