போஸ்டரில் யார் முகம்?

கொழிஞ்சாம்பாறையில் யார் செத்தாலும் மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் போஸ்டர் வந்துவிடும். மேலே 'கண்ணீர் அஞ்சலி', அதற்கடியில் மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. நடுவில் போட்டோ, தோற்றம், மறைவு. கீழே 'இவண்' என்று மகன், மருமகள், பேரன் பேத்தி வரிசை. பாலக்காடு ஜில்லா என்றாலும் எங்கள் சித்தூர் தாலுகாவில் நிறைய வீடுகளில் பேச்சு தமிழ்தான். அதனால் சாவையும் இரண்டு மொழியில் சொல்லிவிடுவோம்.

எங்கள் அக்காவுக்கும் போஸ்டர் ஒட்டினார்கள். ஆனால் அதில் அக்கா இல்லை. அரும்பு மீசையோடு ஒரு பையன் இருந்தான், பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோ. பெயரும் அந்தப் பையனுடையதுதான், அக்கா திருநங்கையாவதற்கு முன் வீட்டில் வைத்த பெயர்.

அக்கா வாளையாறு பக்கம் ரோட்டோரத்தில் கொல்லப்பட்டார். போஸ்ட்மார்ட்டம் முடிந்ததும் உடம்பை வாங்க ரத்த சொந்தம்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத வீடு வந்து வாங்கிக்கொண்டது. முடியை வெட்டி, வேட்டி சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். எங்களைத் தெருமுனைக்கு அந்தப் பக்கம் வரவிடவில்லை. எங்களுக்குத் தாயாக இருக்கும் குரு அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. அவருடைய சேலாக்களில், அதாவது சிஷ்யைகளில், சின்னவள் மட்டும் ஓடிப்போய்ப் போஸ்டரில் 'இவண்' வரிசையைப் படித்துவிட்டு வந்து, "நம்ம பேரு ஒண்ணுகூட இல்லக்கா" என்றாள். இருக்கும் என்று எப்படி நினைத்தாளோ.

கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிற கூட்டம் நாங்கள். பாரதத்தில் களப்பலியானவனுக்கு வருஷா வருஷம் சித்திரையில் அழலாம், கூட வாழ்ந்தவளுக்கு அழ இடமில்லை.

நவம்பர் 20ஆம் தேதி உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட எங்கள் ஆட்களுக்கான நினைவு நாள் என்பது அந்த வருஷம்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. பாலக்காட்டில் மெழுகுவத்தி ஏற்றிப் பெயர்களைப் படித்தார்கள். இந்தக் கொலைகளின் உலகக் கணக்கில் ஒவ்வொரு வருஷமும் பிரேசில்தான் முதலில் வருகிறதாம். வாயில் நுழையாத பெயர்களை ஒரு மலையாளத் தங்கை திக்கித் திக்கிப் படித்தாள். அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒட்டவில்லை.

இந்த நாள் எப்படி வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். 1998 நவம்பர் 28ஆம் தேதி அமெரிக்காவில், பாஸ்டனில், ரீட்டா ஹெஸ்டர் என்ற திருநங்கையை அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் அவரை ஆணாகவே எழுதின. கொன்றது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அதே பகுதியில் மூன்று வருஷம் முன்பு, 1995 நவம்பர் 20இல், ஷனெல் பிக்கெட் என்ற திருநங்கையும் கொல்லப்பட்டிருந்தார். கொன்றவனைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, அடித்த குற்றத்துக்கு மட்டும் இரண்டு வருஷம் உள்ளே வைத்தார்கள். க்வெண்டலின் ஆன் ஸ்மித் என்பவர் ரீட்டாவைப் பற்றிப் பேசும்போது ஷனெலைச் சொன்னால், கூட இருந்தவர்களுக்கே அந்தப் பெயர் ஞாபகம் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவர் இறந்தவர்களின் பட்டியலை எழுத ஆரம்பித்தார். 1999இல் இந்த நாள் பிறந்தது.

அந்த இரண்டு வருஷம் என்பது எங்கேயோ கேட்ட கணக்கு. 2019இல் நம் நாட்டில் திருநர்களுக்காகச் சட்டம் போட்டபோது, எங்களை அடித்தாலும் பாலியல் வன்முறை செய்தாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை என்றுதான் எழுதினார்கள். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தது 10 வருஷம். கொலைக்கு எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், சரி. ஆனால் கொலை வரைக்கும் வருகிறவன் அதற்கு முன்னால் எத்தனை தடவை அடித்திருப்பான்? திருநர் கொள்கையை 2015லேயே நாட்டுக்கு முதலாகக் கொண்டுவந்தது எங்கள் கேரளாதான். பெருமைதான். தெருமுனையில் நிறுத்தப்பட்டபோது அந்தக் கொள்கை எங்களோடு நிற்கவில்லை.

அதனால் மெழுகுவத்தி போதாது என்று எனக்குப் பட்டது. நம் ஊரில் ஒரு ஆள் இந்த ஊர்க்காரர் என்பதற்கு அத்தாட்சி அந்தச் சுவர்தான். அடுத்த நவம்பருக்கு நாங்களே போஸ்டர் அடித்தோம். அக்காவின் போட்டோ கூவாகத்தில் எடுத்தது. கையில் சரிகை வைத்துத் தைத்த அரக்கு ரவிக்கை, நான் தைத்துக் கொடுத்தது. இடது கை கொஞ்சம் இறுக்கம் என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தார். போட்டோவில் சிரிக்கிறார்.

பிரஸ் தம்பிக்குத்தான் தயக்கம். "அக்கா, கேஸு நடக்குது, கொலைன்னு போட்டா நம்மள இழுப்பாங்களா?" என்றான். யார் செய்தது என்று எழுதினால்தானே வம்பு, கொல்லப்பட்டார் என்று போலீஸே எழுதியிருக்கிறதே என்றேன். 'மறைவு' இருக்க வேண்டிய இடத்தில் 'கொல்லப்பட்ட நாள்' என்று போட்டுக் கொடுத்தான். 'இவண்' வரிசையில் முதலில் குரு அம்மா, பிறகு சேலாக்கள், கடைசியில் அவருக்குத் தினமும் கடனுக்குப் பூக் கொடுத்த பாட்டி.

இரண்டு நாளில் ஒரு போஸ்டரைக் கிழித்திருந்தார்கள். மிச்சம் மழை வரைக்கும் இருந்தது.

இந்த வருஷம் வேறு பஞ்சாயத்து. தற்கொலை செய்துகொண்ட தங்கைகளின் பெயரையும் சேர்க்கலாமா? கொலையானவர்களுக்கான நாள், அதில் இது வராது என்கிறார் பாலக்காட்டில் ஒரு அக்கா. வீட்டை விட்டு அடித்துத் துரத்தி, வேலை கொடுக்காமல், ஆஸ்பத்திரியில் சிரித்துச் சாகவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். அவரோடு இன்னும் பேச்சு முடியவில்லை. எங்கள் போஸ்டரில் சேர்த்தாகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் தங்களையும் 'இவண்' வரிசையில் போடச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார்கள். இடம் பத்தவில்லை, எழுத்தைச் சின்னதாக்கு, போட்டோவில் கை வைக்காதே என்று பிரஸ் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.