லீவ் துண்டு

2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு எங்கள் இராணுவக் கம்பனியில் லீவ் என்ற பேச்சே நின்றுபோனது. எனக்கு அப்போது வயது 21. யாழ்ப்பாண நகருக்கு வெளியே ஒரு சோதனைச்சாவடியில் காவல். ஊர், வெலிமடைக்குப் பக்கத்தில் குருத்தலாவை. வாப்பா உருளைக்கிழங்கு போடுகிறவர். 1996இல் வெளிநாட்டுக் கிழங்கைத் தாராளமாக வரவிட்டார்கள். விலை விழுந்தது, கடன் ஏறியது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் இராணுவத்தில் சேர்ந்தேன்.

பயிற்சி தியத்தலாவையில். வீடு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் போக முடியாது. காலையில் ஓடும்போது தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் உம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன், கால் பின்னும். 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த இடம் அது. "அவனுங்க கடல் தாண்டி வந்து இந்தக் குளிரில கிடந்தானுங்க, நீ மலைக்கு அந்தப் பக்கத்துக்கு அழுகிறாய்" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லுவார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

வடக்குக்குப் போன பிறகுதான் வீட்டு நினைப்பு என்றால் என்னவென்று தெரிந்தது. சமையற்கட்டு முறை வரும் நாளில் கிழங்கு உரிப்போம். அதுவும் இறக்குமதிக் கிழங்குதான். ஆனாலும் மூட்டையை அவிழ்க்கும்போது மண் வாசம் வரும், ஒரு நிமிடம் கையை உள்ளே வைத்தபடி நிற்பேன். இறைச்சி சமைக்கும் நாளில் எனக்குப் பருப்பும் கருவாடும். அது பெரிய கஷ்டம் இல்லை, பழகிவிட்டது.

பழகாதது வேறு. நான் நின்ற இடத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பஸ் வந்தால் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். "இறங்குங்க. அடையாள அட்டையை எடுங்க. பேக்கைத் திறங்க." மாதக்கணக்கில் என் வாயில் வந்த தமிழ் இந்த மூன்று வசனம்தான். வீட்டுக்குக் கடிதம்கூடச் சிங்களத்தில் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை, தமிழ் எழுத்தைக் கண்டு ஒருவன் ஒரு மாதிரிப் பார்த்தான், அதோடு நானே விட்டுவிட்டேன். உம்மாவுக்குச் சிங்களம் வாசிக்க வராது. தங்கச்சி வாசித்துச் சொல்லுவாள்.

சந்தைக்குப் போகிற ஒரு வயதான அம்மா மட்டும் ஒரு நாள் நின்று, "தம்பி, உங்கட தமிழ் இஞ்சத்தைத் தமிழ் இல்லை. எந்த ஊர்?" என்று கேட்டார். மலைநாடு என்றேன். "அங்க சரியான குளிரெல்லோ" என்றார். அன்றிரவு பங்கருக்குள் தூக்கமே வரவில்லை.

ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. வானொலியில் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஊர், தெரிந்த பாதை. அந்த வாரமே என் பெயரும் லீவ் பட்டியலில் ஏறியது, 10 நாள்.

லீவ் துண்டு கைக்கு வந்தாலும் வீடு வந்ததாகாது. முதலில் துவக்கையும் ரவைகளையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு காங்கேசன்துறையில் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்போது தரைப்பாதை கிடையாது. கடல் சரியில்லை என்பார்கள், நாளைக்கு என்பார்கள், நாளைக்கும் அதையே சொல்வார்கள். காத்திருந்த அந்த மூன்று நாளில் துண்டை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேனோ, மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. கப்பல் ஏறினால் நடுவில் உட்கார், வயிற்றை நிரப்பாதே, இஞ்சித் துண்டு ஒன்றைக் கடைவாயில் வை என்று முன்னால் போய் வந்தவர்கள் சொல்லித் தந்தார்கள். மூன்றும் செய்தேன். அப்படியும் இரவு முழுக்க வாந்தி. இரண்டு பக்கமும் கடற்படைப் படகுகள் கூடவே வந்தன. யாரும் பேசவில்லை.

திருகோணமலையில் இறங்கியதும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போய் ஊர்க் கடைக்குப் போன் எடுத்தேன். உம்மாவை ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். "மகன், எங்க ஈக்கிறீங்க?" என்ற குரல் கேட்டதும் எனக்குப் பேச வரவில்லை. தமிழில் எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா உம்மா" என்று மட்டும் கேட்டேன்.

ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. கண்டியில் நுவரெலியா பஸ். சாதாரண உடுப்பில் இருந்தேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்டியில் ஒரு கடையில் வேலையாம். "தீபாவளிக்கு வர முடியாமப் போச்சுண்ணே, ரோட்டெல்லாம் குழப்பம். இப்பதான் லீவு குடுத்தாங்க" என்றான். மடியில் ஒரு பை. அதற்குள் அக்கா மகளுக்கு வாங்கிய சிவப்புச் சட்டை, விலைத்துண்டோடு. எடுத்துக் காட்டினான். கம்பளை, புசல்லாவை வரை பேசிக்கொண்டே வந்தோம். எனக்கு இனித்தது அந்தப் பேச்சு.

மலை ஏறும் வழியில் ஒரு சோதனைச்சாவடி. எல்லாரும் இறங்கினோம். நான் மாதக்கணக்கில் சொன்ன அதே மூன்று வசனத்தை ஒருவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். என் இராணுவ அட்டையைப் பார்த்ததும் தோளில் தட்டி, "யன்ன மல்லி", போ தம்பி, என்றார். பையனை ஓரமாக நிற்கச் சொன்னார். கொழும்பு முகவரியில் அடையாள அட்டை எடுத்திருந்தானாம், தோட்டத்துக்கு ஏன் போகிறாய் என்று கேள்வி. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிங்களத்திலும் சொல்லியிருக்கலாம், தமிழிலும் சொல்லியிருக்கலாம். லீவில் ஒரு நாள் குறைந்துவிடுமே என்றுதான் அந்த நேரம் என் புத்தி போனது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது. இறம்பொடை தாண்டிய பிறகுதான் பை சீட்டில் கிடப்பதைக் கண்டேன்.

நுவரெலியா பஸ் நிலையத்தில் டைம்கீப்பரிடம் பையைக் கொடுத்து, இன்ன மாதிரி ஒரு பையன் வந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெலிமடை பஸ் பிடித்தேன்.

வீட்டைப் பற்றி அதிகம் எழுதத் தெரியவில்லை. உம்மா சோறு பிசைந்து ஊட்டினார், 21 வயதுப் பிள்ளைக்கு. வாப்பாவோடு தோட்டத்தில் இறங்கிக் கையால் மண்ணைக் கிளறினேன். பையனைப் பற்றி உம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நீங்க ஒரு சொல்லு சொல்லியிருக்க ஏலாதா மகன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

திரும்பிப் போகும்போது நுவரெலியாவில் இறங்கி டைம்கீப்பரைத் தேடிப் பிடித்தேன். "அந்தப் பையா? ரெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துட்டுப் போயிட்டானே" என்றார்.

அவனேதானா என்று கேட்டேன்.

"அவனேதான். அதே பச்சைச் சட்டை. கசங்கிப் போயிருந்துச்சு."