மறுநாள் போனஸ்

மைக் லீச், டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். பத்து சீசனில் 84 வெற்றி. அங்கே அவருக்கு முன் யாரும் அவ்வளவு ஜெயித்ததில்லை. 2009 டிசம்பரில் அவர் அணியில் ஆடிய ஆடம் ஜேம்ஸ் என்ற பையனுக்குத் தலையில் அடிபட்டது. மற்றவர்கள் பயிற்சி எடுக்கும் நேரத்தில் அவனை லீச் சாமான் வைக்கும் இருட்டு ஷெட்டில் நிற்க வைத்ததாகப் புகார். அப்பா கிரெய்க் ஜேம்ஸ் சும்மா இருப்பாரா? பழைய ஆட்டக்காரர், அப்போது இஎஸ்பிஎன் விளையாட்டு சேனலில் வர்ணனையாளர் வேறு. மகனை ஏன் இறக்கவில்லை என்று முன்பிருந்தே நச்சரித்தவர்தான் அவர் என்பது லீச் தரப்பு. டிசம்பர் 30 அன்று லீச்சின் சீட்டு கிழிந்தது. மறுநாளும் பதவியில் இருந்திருந்தால் 8 லட்சம் டாலர் போனஸ்!

அடிபட்ட பிள்ளையை இருட்டில் நிறுத்துவது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அப்பாவைப் பற்றிப் படிக்கும்போதுதான் கொஞ்சம் உறுத்தியது. போன வாரம் மகளின் வாலிபால் கோச்சுக்கு நீளமாக ஒரு வாட்ஸ்அப் அடித்து வைத்திருந்தேன், ‘அவளை ஏன் சார் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறீங்க?’ என்று. அனுப்பவில்லை.

அழிக்கவும் இல்லை.