"முழுக் கல்யாணத்தையும் காட்டுங்க"

போன ஆவணியில் தங்கைக்கு மதுரையில் கல்யாணம். மண்டபம், சமையல், மேளம் எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொண்டார். போட்டோகிராபர் பிடிக்கிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

ஒரு வாரம் இன்ஸ்டாகிராமே கதியென்று கிடந்தேன். எல்லாருமே நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். சாயங்கால வெயில், குளக்கரை, பறக்கும் துப்பட்டா. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதில் ஒன்றுமே கிடையாது. காலை 6 மணி முகூர்த்தம், ட்யூப்லைட் வெளிச்சம், ஹோமப் புகை, மணவறையைச் சுற்றி முப்பது சொந்தக்காரர்கள். அதற்குள் நின்று எப்படி எடுப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதனால் ஐந்து போட்டோகிராபர்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாரிடமும் ஒன்றையே கேட்டேன். "மண்டபத்துக்குள்ள, காலை முகூர்த்தத்துல எடுத்த ஒரு கல்யாணத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் காட்ட முடியுமா?" ஒருவர் இன்னொரு ரீல்ஸ் அனுப்பினார். ஒருவரிடமிருந்து பதிலே இல்லை. மற்ற மூவரும் வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஸ்டுடியோவில் 12க்கு 36 இன்ச் ஆல்பம், மடியில் வைத்துப் பார்க்க முடியாத கனம். தாலி கட்டும் பக்கத்தைத் திருப்பினால் மாப்பிள்ளை கை தெரிகிறது, பெண்ணின் நெற்றி தெரிகிறது, நடுவில் வீடியோக்காரரின் முழங்கை. அதைப் பெரிதாக்கி இரண்டு பக்கத்துக்கும் போட்டிருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்பே இடம் பிடித்து நிற்கத் தெரியாதவர் அப்புறம் என்ன எடுப்பார்?

இரண்டாவது இடத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. தங்கைதான், "அண்ணா, கையைப் பாரு" என்றாள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், மருதாணி வைத்த கை வேறு நிறம். புரட்டப் புரட்ட அம்மா, அத்தை, பாட்டி வரைக்கும் பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தார்கள். தங்கை மாநிறம். "எனக்கு என் மூஞ்சிதான் வேணும்" என்று படி இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது சின்னக் கடை. அவர் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்து கொடுத்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். ஆயிரத்துக்கு மேல் படங்கள். சில மங்கல். வரவேற்பில் எல்இடி வெளிச்சம் பட்டு எல்லாரும் ரோஸ் கலரில் இருந்தார்கள். ஆனால் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வரிசையாக இருபது படம். மாப்பிள்ளை போடும் முடிச்சு, மூன்றாவது முடிச்சுக்கு நீளும் நாத்தனார் கை, அந்தரத்தில் நிற்கும் அட்சதை. அதே நொடியில், வேறு பக்கமிருந்து, துண்டால் கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அப்பா.

"இது நீங்க எடுத்ததா?" என்றேன்.

"இல்லைங்க, தம்பி எடுத்தது. அவனும் வருவான்."

அந்தப் பதிலுக்காகவே அவரை முடிவு செய்தேன் என்று சொல்லலாம். படம் காட்டுபவர் ஒருவர், முகூர்த்தத்தன்று கேமராவோடு வந்து நிற்பவர் வேறொருவர் என்பதெல்லாம் இங்கே சகஜம். யார் யார் வருவார்கள், ஆல்பத்தில் எத்தனை ஷீட், எடிட் செய்யாத படங்களும் உண்டா என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தேன்.

கல்யாணப் படங்கள் நன்றாகவே வந்தன. தங்கை மாநிறமாகவே இருக்கிறாள். ஆனால் அன்று ஃபோல்டரைப் பார்த்தபோது பந்திப் படங்கள் இருக்கின்றனவா என்று நான் தேடவில்லை. விடிகாலை 4 மணியிலிருந்து பந்தியே கதியென்று நின்ற சித்தப்பா, மொத்தப் படங்களில் ஒரே ஒன்றில்தான் இருக்கிறார். குடும்பப் படத்தின் ஓரத்தில், தோளில் ஈரத் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு. அதையும் ஆல்பத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். ஆல்பம் இன்னும் வரவில்லை.